எடையைக் குறைப்பதா, டயரை அகலமாக்குவதா? சைக்கிள் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு வயது 47, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 74 கிலோ. செங்கோட்டையில் வீடு, தென்காசியில் அலுவலகம். போக 8 கி.மீ., வர 8 கி.மீ. இத்தனை நாளும் அப்பா காலத்து 28 அங்குலச் சைக்கிளில்தான் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரை, கால்வாய்க்கரை மண்வழிகளில் குண்டாறு அணைப் பக்கம் சுற்றி வருவது வழக்கம். ஒருநாளாவது புளியரை ஏற்றம் ஏறி ஆரியங்காவு போய்விட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. தார்ச்சாலைக்கும் மண்வழிக்கும் பொதுவான, எடை குறைந்த ஹைபிரிட் சைக்கிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடையில், முன்னால் ஷாக் உள்ள வண்டிதான் நம் சாலைக்குச் சரி என்கிறார்கள். 30,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: ஷாக் இல்லாத வண்டியை வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறதே என்று தோன்றலாம். உங்கள் விலை வரம்பில் கிடைக்கும் சைக்கிள்களில் ஷாக் என்ற பெயரில் பொருத்தப்படுவது பெரும்பாலும் உள்ளே ஒரு சுருள்வில் மட்டுமே கொண்ட ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. சாதாரண அலுமினிய ஃபோர்க்கை விட அது ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை கூடுதல் எடை கொண்டது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் உழைப்பில் ஒரு பங்கை அது அமுங்கி எழுவதிலேயே செலவிட்டுவிடும். நானும் முன்பு ஒருமுறை கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அப்படி ஒரு வண்டியை வாங்கினேன். இரண்டு சாரல் பருவம் முடிவதற்குள் ஃபோர்க்கின் உட்குழாயில் துரு ஏறி, அசையாத ஃபோர்க்கின் எல்லாக் குணங்களும் அதற்கு வந்துவிட்டன, எடையை மட்டும் அது விடவில்லை.

நீங்கள் சொல்லும் குளக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் வரும் அதிர்வை வாங்கிக்கொள்ள அகலமான டயரே போதும். ஹைபிரிட் சைக்கிள்கள் 700சி எனப்படும் சக்கரத்தில் வருகின்றன. தார்ச்சாலைக்கு மட்டும் என்றால் 32 மி.மீ. அகல டயர் போதுமானது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கில் எடுத்தால் 38 அல்லது 40 மி.மீ. வேண்டும். டயரின் நடுப்பகுதி ஏறக்குறைய வழவழப்பாகவும் ஓரங்கள் மட்டும் சற்றுக் கரடாகவும் இருந்தால் தென்காசிச் சாலையில் இரைச்சலின்றி ஓடும், மண்ணிலும் பிடி கிடைக்கும். இப்போது அதில் இருக்கும் டயர் எது என்பதோடு நிற்காமல், ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே மட்கார்டு போட இடம் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள். ஆனி முதல் ஆவணி வரை சாரல் தூறும் ஊரில் மட்கார்டு இல்லாத சைக்கிளில் அலுவலகம் போனால், முதுகில் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

700சி டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம்; இரண்டாவது, டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். உங்கள் பழைய 28 அங்குலச் சைக்கிளில் அந்த இரண்டாவது எண் 635. பார்வைக்கு இரண்டும் ஒரே சக்கரம் போலத் தெரிந்தாலும் 13 மி.மீ. வேறுபாடு இருப்பதால், ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பழைய சைக்கிள் டயர் இதில் உட்காராது. 29 அங்குல மலைச் சைக்கிளின் ரிம் அளவும் அதே 622தான் என்பதால், டயர் தேடி அலையும் நாளில் 29 என்று கேட்டும் பார்க்கலாம். அகலம் மட்டும் உங்கள் ஃபோர்க்குக்குள் அடங்க வேண்டும். வண்டி வாங்கும்போதே இரண்டு டியூப் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவை மோட்டார் பைக்கில் உள்ளது போன்ற தடித்த வால்வு கொண்டவையாக இருக்கட்டும். மெல்லிய ஊசி வால்வு வந்துவிட்டால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுக்குத் தவிக்க வேண்டியிருக்கும். குளக்கரை என்றாலே சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும்தான் என்பதால், பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. உங்கள் எடைக்குத் தார்ச்சாலையில் பின் டயரில் காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ., முன் டயரில் 45 அளவில் தொடங்கி, மண்வழிக்கு இறங்கும்போது ஐந்தைந்து குறைத்துப் பாருங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குக் கீழே மட்டும் போக வேண்டாம்.

இனி எடைக்கு வருவோம். வண்டி 16 கிலோ, நீங்களும் உங்கள் பையும் சேர்ந்து 78 கிலோ என்றால் மலை மேலே ஏற வேண்டியது 94 கிலோ. 12 கிலோ வண்டி என்றால் அது 90. நீங்கள் செலுத்தும் ஆற்றல் மாறாதிருந்தால் அரைமணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் ஒன்றேகால் நிமிடம். சமதளத்தில் அதுவும் இல்லை. ஆகவே எடை என்ற ஒன்றுக்காக விலையை இரட்டிப்பாக்குவது வீண். ஆனால் வண்டியைப் படியேற்றி வீட்டுக்குள் வைப்பதும், கால்வாய் மதகில் தூக்கிக் கடப்பதும் உங்கள் கையும் தோளும்தான் என்பதால், அலுமினிய ஃபிரேமும் ஷாக் இல்லாத ஃபோர்க்கும் கொண்ட 12–13 கிலோ வண்டி உங்களுக்குப் பொருத்தமான இடம். அதற்கும் கீழே ஒவ்வொரு கிலோவும் மிகுந்த விலை கேட்கும். கடையில் எடையைக் கேட்காதீர்கள். சாமான் தூக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் நீங்களே தொங்கவிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் சொல்லும் எடை, பெடலும் ஸ்டாண்டும் மட்கார்டும் இல்லாத எடையாக இருப்பது வழக்கம்.

புளியரை ஏற்றத்தில் உங்களை மேலே கொண்டுபோவது கியர். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள பழைய சைக்கிள், பெடலை ஒரு சுற்று மிதித்தால் சுமார் ஐந்தரை மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் அது மணிக்கு 20 கி.மீ. வேகத்தைக் கேட்கிறது. எஸ் வளைவுகளில் அந்த வேகம் யாருக்கு வரும்? எல்லோரும் இறங்கித் தள்ளுவது அதனால்தான். முன்னால் 28 பல், பின்னால் 32 பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகர்வதால், அதே 60 சுற்றில் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். எனவே ‘21 கியர்’, ‘24 கியர்’ என்று எண்ணிக்கையைச் சொல்லும் பலகையை விட்டுவிட்டு, முன்னால் உள்ள மிகச்சிறிய வட்டின் பற்களையும் பின்னால் உள்ள மிகப்பெரிய வட்டின் பற்களையும் எண்ணுங்கள். முன்னது பின்னதை விடக் குறைவாக இருந்தால் மலையெல்லையில் உள்ள கோட்டைவாசல் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தக் கேரளப் பக்கத்து ஆட்சியோடு சேர்ந்தே இருந்ததால், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஏற்றம் மாநில எல்லையாகவே தோன்றியிருக்காது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய கதை ஒன்றிரண்டு கட்டாயம் கிடைக்கும்.

ஏறியதை இறங்கவும் வேண்டும், அதுவும் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே. மழையில் நனைந்த ரிம்மை ரப்பர்க் கட்டை பிடிக்கும் பிரேக், முதல் இரண்டொரு சுற்றுக்குப் பிடிக்காமல் வழுக்கும்; சேற்று மணல் ரிம்மையும் அரிக்கும். ஆகவே உங்கள் ஊருக்கு டிஸ்க் பிரேக் என்பது ஆடம்பரமாகாது. கம்பியால் இயங்கும் டிஸ்க்கை எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். எண்ணெயால் இயங்குவது மென்மையானது, நன்றாகப் பிடிப்பது, ஆனால் எண்ணெய் மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் தலைவலி. உங்களுக்கு நான் முதலாவதையே சொல்வேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விடுவதே முறை.

ஃபிரேம் அளவில் உங்கள் உயரத்துக்கு எஸ் அல்லது எம் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும் என்பதால் செருப்பில்லாமல் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். குதிகாலைப் பெடலில் வைக்கும்போது கால் நேராக நீளும்படி சீட்டை உயர்த்தினால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். அந்த நிலையில் தோளை இழுக்காமல் ஹேண்டில்பார் கைக்கு எட்ட வேண்டும். 30,000 ரூபாயில் மூன்று நான்கு ஆயிரத்தை ஹெல்மெட், முன்பின் விளக்கு, மட்கார்டு, கேரியர், கைப்பம்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு வண்டி பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு வாரம் மூன்று நாள் ஹைபிரிட் சைக்கிளில் போகிறேன். ஆடி மாதம் திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் வண்டி நகர மறுக்கிறது. கார்பன் ஃபோர்க் வைத்த 10 கிலோ வண்டிக்கு மாறினால் பயன் உண்டா?

– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் மேல்காற்றுக்கு வண்டியின் எடை பொருட்டே இல்லை. நீங்கள் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே அதே 18 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகம் 36. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். காலையில் உங்களைப் பொள்ளாச்சிக்குத் தள்ளிவிட்ட அதே காற்று மாலையில் கூலி கேட்கிறது, அவ்வளவுதான்.

குறைக்க வேண்டியது காற்றுக்கு நீங்கள் காட்டும் பரப்பை. ஹேண்டில்பார் தண்டின் கீழே இருக்கும் வளையங்களை மேலே மாற்றிப் போட்டால் பிடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தை முதலில் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். படபடக்கும் தளர்ந்த சட்டையைத் தவிர்ப்பதும் முழங்கையை மடக்கிக் குனிவதும் உதவும். அதற்கும் மேல் வேண்டுமானால் வளைந்த ஹேண்டில்பாரும் அகல டயரும் கொண்ட கிராவல் வகைச் சைக்கிள் இருக்கிறது. உங்கள் பணத்தை எடைக்குக் கொடுப்பதை விட அதற்குக் கொடுக்கலாம். தென்னந்தோப்புகளை ஒட்டிய உள்வழி ஏதேனும் இருந்தால், இரண்டு கி.மீ. சுற்றானாலும் ஆடியில் அந்த வழியே வாருங்கள்.

கேள்வி: சுடிதார் அணிந்து ஓட்ட ஏற்ற ஹைபிரிட் உண்டா? என் உயரம் 5 அடி. கடையில் ஆண்கள் சைக்கிளையே சீட்டைத் தாழ்த்தித் தருகிறேன் என்கிறார்கள்.

– ஒரு வாசகி, ஆரியங்காவு

பதில்: மேல்குழாய் தாழ்ந்திருக்கும் ஸ்டெப்-த்ரூ வகை ஹைபிரிட்கள் உண்டு, அதையே கேளுங்கள். சீட்டைத் தாழ்த்தினால் கால் எட்டும், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் குறையாது. பெரிய ஃபிரேமில் கை நீட்டி ஓட்டினால் பத்தே நாளில் கழுத்து வலிக்கும். எக்ஸ்எஸ் அல்லது எஸ் அளவு வரட்டும் என்று காத்திருந்தே வாங்குங்கள். கியர் சைக்கிள்களில் முழுச் செயின் கவர் பொருத்துவது கடினம் என்பதால், முன் வட்டை ஒட்டிய வளையக் காப்பு உள்ளதைத் தேர்ந்தெடுத்து, வலது கால் ஓரத்தை ஒரு பட்டையால் கட்டிக்கொள்வது நல்லது. துப்பட்டாவுக்குப் பின்சக்கரத்தின் அருகே வேலையே இல்லை.

கேள்வி: நான்கு ஆண்டுகள் ஓடிய 12 கிலோ ஹைபிரிட் ஒன்று 9,000 ரூபாய்க்கு வருகிறது. வைத்திருந்தவர் அதில் அடிக்கடி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை இறங்கி ஏறியவர். வாங்கலாமா?

– ஒரு வாசகர், குமுளி

பதில்: விலை நியாயமாகத் தெரிகிறது, ஆனால் மூன்று இடங்களைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். முதலில் ஃபிரேம். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தையும் பெடல் அச்சு நுழையும் இடத்தையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கக்கூடும். அலுமினிய ஃபிரேமை வெல்டிங் பட்டறையில் ஒட்டினால், சூடுபட்ட இடம் தன் பழைய வலிமையை இழந்துவிடும். ஒட்டுப் போட்ட ஃபிரேம் என்று தெரிந்தால் 900 ரூபாய்க்கும் வேண்டாம்.

அடுத்தது செயின். செயினை விறைப்பாக வைத்து, 12 அங்குல அளவுகோலின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் பிடித்தால், புதிய செயினில் 24 கண்ணி தள்ளி வரும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் தள்ளிவிட்டால் பின்னாலுள்ள பல்வட்டுகளும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, மலையிறக்கம் பழகிய வண்டி என்பதால் பிரேக் டிஸ்க். ஷிமானோ நிறுவனத்தின் டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. கனம் இருக்கும், 1.5க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். கனம் அளக்கும் கருவி லேத் பட்டறையில் இருக்கும். டிஸ்க்கைப் பிடிக்கும் பேடு தேய்ந்திருப்பது பெரிய குறையில்லை, புதிது போட்டுக்கொள்ளலாம். இந்த மூன்றும் சரியாக இருந்தால், லோயர் கேம்ப் வரை ஒருமுறை இறங்கி ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஏற்றத்தில் கடைசிக் கியருக்கு மாற்றும்போது செயின் தாவாமல் நின்றால் 8,000 ரூபாயில் பேச்சைத் தொடங்கலாம்.