மூன்று டாக்டர், மூன்று பெயர்: எனக்கு எந்த ஆஸ்துமா?

கேள்வி: வயது 44. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இரண்டு வருடமாகச் சாயப்பொடி எடை போடுகிறேன். சின்ன வயதில் வீசிங் கிடையாது. இப்போது ராத்திரியில் இருமலும் இழுப்பும். ஒரு டாக்டர் அலர்ஜி ஆஸ்துமா என்றார், அடுத்தவர் அலர்ஜி இல்லாத ஆஸ்துமா என்றார், மூன்றாமவர் பிராங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி) என்று எழுதினார். லேப்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, 200 பொருளுக்கு அலர்ஜி பார்த்துத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினால்? அங்கே லேசாகி, பட்டறைக்குத் திரும்பியதும் மறுபடி இழுத்தால், தொழிலால் வந்த ஆஸ்துமா என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயப்பொடி அதற்குப் பெயர் போனது. ராத்திரியில்தானே வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். பகலில் மூச்சோடு போனது பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

அலர்ஜி, அலர்ஜி இல்லாதது என்ற பிரிவு ஆதார் கார்டு மாதிரி ஆளுக்கு ஒன்று கிடையாது. ஒன்றோடு ஒன்று கலந்தும் இருக்கும். முதலில் இது ஆஸ்துமாதானா என்று உறுதி செய்ய ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் கருவியில், ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இழுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். மூன்று டாக்டரைப் பார்த்தும் யாரும் ஊதச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. எழுத மறந்திருந்தால் நல்லது. அப்புறம் சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஈயோசினோஃபில் (அலர்ஜியிலும் சில வகை ஆஸ்துமாவிலும் கூடும் வெள்ளை அணு) எண்ணிக்கை. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன் எடுத்தால்தான் அதை நம்பலாம்.

அந்த 200 பொருள் பட்டியலுக்கு வருகிறேன். பல பேக்கேஜ்களில் பார்ப்பது ஐஜிஜி என்ற ரத்த எதிர்ப்புப் புரதம். அது நீங்கள் எதைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் காட்டும், அலர்ஜியை அல்ல. முட்டை, பால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் பட்டறையின் சாயம் அந்தப் பட்டியலில் இருக்காது. கொண்டுவந்தவருக்குக் கமிஷன் இருக்கும்.

இழுப்புக்கு என்று விற்கும் லேபிள் இல்லாத பொட்டலப் பொடியும் வேண்டாம். நான்கே நாளில் இழுப்பு நின்று, பசி கூடி, முகம் உப்பினால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா என்ற ஒரு வகையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மூக்கடைப்பு தீரவே இல்லை, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, மல்லிகைப்பூ வாசனைகூடத் தெரியவில்லை என்றால் வலி மாத்திரையைக் கவனியுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவானாலும், போட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் கடுமையாக இழுக்கலாம். மெடிக்கலில் 'உடம்பு வலிக்கு ஒரு செட்' என்று கேட்டு வாங்கினால் அதற்குள் எது இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் நினைவிருக்காது. முன்பு ஒத்துக்கொண்டது இப்போதும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. ஒரு தடவை இப்படி ஆகியிருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள், பல் டாக்டர் உட்பட.

வகை தெரியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்துமா என்று உறுதியானால் ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர்தான் அடிப்படை. சால்பூட்டமாலை மட்டும் வைத்து ஓட்டுவதை 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. நம் ஊரில் இன்னும் மூச்சுக்குழாயை விரிக்கும் பழைய டெரிஃபிலின் ஊசிக்கு வரிசை நிற்கிறது.

வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) வாங்கி, தினம் நான்கு வேளை, நான்கு வாரம் ஊதி நோட்டில் எழுதுங்கள், லீவு நாட்களிலும். வேலையை விட்ட பிறகு, இது தொழிலால் வந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. இஎஸ்ஐ இழப்பீட்டுக்கான தொழில் நோய் அட்டவணையில் தொழில் ஆஸ்துமா இருக்கிறது. ஆனால் சீட்டில் 'பிராங்கைட்டிஸ்' என்று கிறுக்கியிருந்தால் அட்டவணை உங்களுக்கு உதவாது. அடுத்த தடவை என்ன வேலை, எந்தப் பொடி என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.