வில்லியம் எப்படி பில் ஆனார்?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் மின்னஞ்சலில் 'பில்' என்று கையெழுத்திடுகிறார். ஒப்பந்தத்தில் 'வில்லியம்' என்று இருக்கிறது. இருவரும் ஒருவர்தானா? அவரை எப்படி அழைப்பது?

பதில்: குடும்பப்பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பொருந்தினால் அநேகமாக ஒரே ஆள்தான். வில்லியத்தைச் சுருக்கினால் 'வில்'. அதன் முதலெழுத்து மாறி வந்ததே 'பில்'.

1066-இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்த மன்னர் பெயர் வில்லியம். அதன்பின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று சில பெயர்களையே அங்கே திரும்பத் திரும்பச் சூட்டினார்கள். தெருவுக்கு நாலு ராபர்ட் இருந்தால் யாரை எப்படிக் கூப்பிடுவது? பெயரைச் சுருக்கினார்கள். அதுவும் போதாமல், நம் எதுகையைப் போல முதலெழுத்தை மட்டும் மாற்றினார்கள். ராப் என்பது பாப் ஆனது, ரிக் டிக் ஆனது, மார்கரெட்டின் சுருக்கமான மெக் பெக் ஆனது. டிக்சன் என்ற குடும்பப்பெயரே 'டிக்கின் மகன்' என்பதிலிருந்து வந்ததுதான். அவ்வளவு பழைய வழக்கம் இது. பில் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தவர்.

நீங்கள் கடிதத்தில் 'டியர் பில்' என்றே எழுதுங்கள். அவரே அப்படிக் கையெழுத்திடும்போது 'வில்லியம்' என்றால் அந்நியமாகத் தோன்றும். 'மிஸ்டர் பில்' வேண்டவே வேண்டாம். நம்மவர்கள் மரியாதைக்காக அப்படி எழுதுகிறார்கள். ஆனால் மிஸ்டர் குடும்பப்பெயரோடுதான் சேரும். நீங்களாக 'பில்லி' என்று செல்லப்பெயர் வைப்பதும் கூடாது.

ஆவணங்களில் பழகும் பெயருக்கு இடமில்லை. ஊரெல்லாம் பில் கிளின்டன் என்று அழைத்தாலும், அதிபராக அவர் சட்டங்களில் போட்ட கையெழுத்து வில்லியம் ஜெ. கிளின்டன். எல்லோரும் அப்படியல்ல. ஜேம்ஸ் என்ற முழுப்பெயர் கொண்ட கார்ட்டர், 1977-இல் ஜிம்மி கார்ட்டர் என்றே அமெரிக்க அதிபராகப் பதவியேற்றார். பிறப்புச் சான்றிதழிலேயே வெறும் பில் என்று இருப்பவர்களும் உண்டு. ஆகவே ஊகித்து எழுதாதீர்கள். இன்வாய்ஸிலும் வங்கித் தாள்களிலும் ஒப்பந்தத்தில் உள்ள பெயர். விசாவுக்கான அழைப்புக் கடிதம் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. சந்தேகம் வந்தால், "ஆவணத்தில் தங்கள் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும்?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். வணிகத்தில் இது சாதாரணக் கேள்வி, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: புதிய முகவரியிலிருந்து 'பில்' என்ற பெயரில் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், பெயரை நம்பிவிடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்ட பிறகே மாற்றுங்கள்.