கண்டல் காட்டுக்கு நிதி நின்றுவிட்டது, குத்தகைக் கட்டை வந்துவிட்டது

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தொண்டைமானாறு நீரேரிக் கரையில் உள்ளது. அழிந்துபோன கண்டல் காட்டை மீள வளர்ப்பதற்காக வன இலாகா ஊடாக ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் வந்தது. எங்கள் மாதர் சங்கம் நாற்றுமேடை அமைத்து, காவலுக்கு இருவரையும் வைத்தது. மூன்று தவணைகளில் இரண்டு கிடைத்தன. மூன்றாவது, நிதி இல்லை என்று நின்றுவிட்டது. காவலாளிகளின் படியைச் சங்கக் காசிலிருந்தே கொடுத்து வருகிறோம். இம்மாதம் 11ஆம் திகதி நில அளவையாளர்கள் வந்து 12 ஏக்கருக்குக் கட்டை நாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இறால் பண்ணைக்குக் குத்தகை கொடுக்கப் போவதாகக் கிராம அலுவலர் சொல்கிறார். நிறுத்திய நிதியைத் தரும்படி அரசைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியுமா? குத்தகையைத் தடுக்க முடியுமா?
– சங்கச் செயலாளர், வடமராட்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் நிதியை முதலாவதாகவும் குத்தகையை இரண்டாவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் குத்தகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாள் ஓடிக்கொண்டிருப்பது அதற்குத்தான்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. கட்டை நாட்டிய 11ஆம் திகதியையே தொடக்க நாளாகக் கொள்ளுங்கள். குத்தகைக் கடிதம் கைக்கு வரட்டும் என்று இருந்துவிட்டால், “முன்பே தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள்” என்று மறுதரப்புச் சொல்லும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால், முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.

அடுத்து, அந்தக் காணி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி, வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் பிரதேச செயலகம் அதைத் தொட முடியாது. அறிவிக்கப்படாத எஞ்சிய காடுகள்தான் வில்லங்கம். 2001ஆம் ஆண்டின் ஒரு சுற்றறிக்கை அவற்றை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் வந்த இன்னொரு சுற்றறிக்கை அதை நீக்கி, மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் ஒப்படைத்தது. பாராளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூட எடுக்காமல், ஓர் அமைச்சின் கடிதத்தாலேயே காட்டின் தலைவிதி கைமாறுகிறது. இருபது வருடமாக இந்தக் கோப்புகளோடு இருக்கும் எனக்கு இது இன்றும் பொறுக்க முடியாத விடயம். எந்தச் சுற்றறிக்கையின் கீழ், எந்தக் கோப்பு இலக்கத்தில் இந்த அளவை நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

எந்தச் சுற்றறிக்கையும் சட்டத்துக்கு மேலானது அல்ல. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதென்றால் முன்கூட்டிய அங்கீகாரம் வேண்டும் என்கிறது. நம்முடைய கணக்கில் 1 ஹெக்டேயர் ஏறக்குறைய 40 பரப்பு. உங்களுடைய 12 ஏக்கர் 192 பரப்பு. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கேட்கப்பட்டால், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 வேலைநாட்கள் கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான்.

மறுதரப்பு என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும்: “அது காடே அல்ல, உவர்த் தரிசு.” இந்த இடத்தில்தான் நின்றுபோன உங்கள் நிதி உங்களுக்கு உதவப் போகிறது. நாற்றுக்கும் காவலுக்கும் இரண்டு தவணை கொடுத்த திணைக்களமே அந்த நிலத்தைக் கண்டல் காடு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. உடன்படிக்கை, தவணைக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், வன உத்தியோகத்தர் கையொப்பமிட்ட நாற்றுப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். நீங்கள் அனுப்பிய படம் ஒன்றை நெடுநேரம் பார்த்தேன். சிவப்பு மை பூசிய கட்டை, தாங்குவேர் விட்டுச் சேற்றில் கால் ஊன்றிவிட்ட இரண்டு இளங்கண்டல்களுக்கு நடுவில் நிற்கிறது. அந்தப் படத்தைத் திகதி தெரியும்படி, பின்னால் நீரேரியும் விழும்படி மறுபடியும் எடுங்கள். கட்டையை மட்டும் யாரும் பிடுங்க வேண்டாம். அளவைக் குறிகளை அகற்றுவது குற்றம். ஊர் இளைஞர்கள் மீது வழக்கு விழுந்தால் பேச்சு காட்டைப் பற்றியதாக இருக்காது.

இனி நிதி. நேரடியாகச் சொன்னால், காட்டுக்கு இவ்வளவு பணம் ஒதுக்கு என்று நீதிமன்றம் உத்தரவிடாது. 148ஆவது உறுப்புரைப்படி அரச நிதி பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று 27(14) சொன்னாலும், அது அடங்கிய அத்தியாயத்தை மட்டும் வைத்து வழக்காட முடியாது என்று 29ஆவது உறுப்புரை அடைத்துவிடுகிறது. ஆனாலும் கடமை அங்கே செத்துக் கிடக்கவில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த 27(14)ஐயும் சேர்த்துப் பார்த்தே, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்த்தது. மனு போட்டவர் கிணற்றுச் சொந்தக்காரர் அல்லர், பொதுநலனுக்காக வந்தவர். இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளன் அல்ல, மக்களுக்காக அதைக் காக்கும் பொறுப்பாளன் என்ற கோட்பாடு 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலேயே நிலைபெற்றது. ஆகவே “பணம் தா” என்று மனு எழுதாமல், “காக்கும் கடமையைச் செய், அழிக்காதே” என்று எழுத வேண்டும்.

மூன்றாவது தவணை வேறு விடயம். அது உடன்படிக்கையால் வந்த கடன். எழுத்து உடன்படிக்கை என்றால் 6 ஆண்டுகளுக்குள், வாய்ப்பேச்சு என்றால் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அரசுக்கு எதிராக என்றால் அதற்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆனால், நீங்கள் கையொப்பமிட்டது யாரோடு? உதவி வழங்கியவருக்கும் திணைக்களத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் நீங்கள் தரப்பினர் அல்லர். பணம் வராமலே நின்றதா, வந்து வேறு செலவுக்குப் போனதா என்பது தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திட்ட ஒப்பந்தம், கிடைத்த தொகை, தவணைவாரிச் செலவு மூன்றையும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களில் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரட்டும் என்று மேலே சொன்ன ஒரு மாதத்தை இழந்துவிடாதீர்கள்.

ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லிவைக்கிறேன். பதிவு இருந்தாலும், சங்கத்துக்குச் சட்ட ஆளுமை, அதாவது சட்டத்தின் கண்ணில் தனி ஆள் என்ற தகுதி, இல்லாவிட்டால் அதன் பெயரில் போடும் மனு நிற்காது. தலைவி, செயலாளர், கரையோரக் குடும்பங்கள் சிலர் தங்கள் சொந்தப் பெயரில் வர வேண்டும். எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யவோ தடுக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை, கேட்பதானால் யாழ்ப்பாணத்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். அரச காணி விடயத்தில் அதற்கு விசாரிக்கும் அதிகாரம் (நியாயாதிக்கம்) இல்லை என்று உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரில் சொல்லிவிட்டது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் வழி. செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

அந்த 12 ஏக்கருக்குள் இடம்பெயர்ந்துபோன யாருடைய உறுதிக் காணியாவது (உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி) இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேளுங்கள். வன்னியில் மக்கள் விட்டுப்போன வயலில் பற்றை எழும்பி, பிறகு அதையே காடு என்று எல்லைக்கல் போட்ட துயரம் நமக்குப் புதிதல்ல. அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய துண்டை முதலில் படத்தில் பிரித்துக் காட்டி, அவரையும் உங்களோடு மனுதாரராகச் சேருங்கள். உறுதியின் பிரதியை அடுத்த கடிதத்தோடு அனுப்பிவையுங்கள்.