விக்கிப்பீடியாவை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டலாமா?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டில் மூன்று இடங்களில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டியிருந்தேன். நெறியாளர் மூன்றையும் அடித்துவிட்டார். நான் பார்த்தவரை அந்தக் கட்டுரைகளில் பிழை இல்லை. பிறகு ஏன் கூடாது?

பதில்: பிழை இல்லாமலே இருக்கலாம். 2005-இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்றும் தென்பட்டன. பிரிட்டானிக்கா அந்த ஒப்பீட்டையே மறுத்தது என்பது தனிக்கதை. உங்கள் நெறியாளர் கேட்பது, இதை முதலில் சொன்னவர் யார் என்று. அதற்கு விக்கிப்பீடியாவால் விடை தர முடியாது. தன் கட்டுரை ஒன்றை இன்னொன்றுக்குச் சான்றாகக் காட்ட அதன் விதிகளே அனுமதிப்பதில்லை.

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க் பொருளாதார அமைச்சரானார். அவருடைய நீண்ட பெயர் வரிசையில் 'வில்ஹெல்ம்' என்ற பொய்ப் பெயரை யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் செருகினார். செய்தி ஊடகங்கள் சரிபார்க்காமல் அதை அச்சிட்டன. விக்கிப்பீடியாவில் ஐயம் எழுந்தபோது, அதே செய்திகளுள் ஒன்று அந்தப் பெயருக்குச் சான்றாக வைக்கப்பட்டது! பொய் தனக்குத் தானே சாட்சியாகிவிட்டது. அடிக்குறிப்பு இருக்கிறது என்பதே போதாது என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான். அந்தச் சான்று, கட்டுரையில் தகவல் சேர்க்கப்பட்ட நாளுக்கு முந்தையதா என்று பாருங்கள். கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு இருக்கும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்னொரு கவனம் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கட்டுரைகளில் அடிக்குறிப்புகளும் அப்படியே வந்திருக்கும். மொழிபெயர்த்தவர் அந்த நூலைப் புரட்டிப் பார்த்தார் என்பதற்கு உறுதி இல்லை. தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்து வளர்த்த களஞ்சியம் அது. மதிக்கிறேன், நானும் தினமும் திறக்கிறேன், தேடலைத் தொடங்குவதற்கு.

ஆய்வுப்பொருளே விக்கிப்பீடியா என்றால் தாராளமாக மேற்கோள் காட்டலாம். அப்போது நீங்கள் படித்த பதிப்பின் நிலையான இணைப்பைத் தேதியுடன் கொடுங்கள். நாளை கட்டுரை மாறினாலும் அது மாறாது.

இப்போது அந்த மூன்று இடங்களுக்கும் திரும்புங்கள். அடிக்குறிப்பில் உள்ள நூலையோ கட்டுரையையோ தேடி எடுத்து, உரிய பக்கத்தைப் படியுங்கள். தகவல் அங்கே இருந்தால் அந்த நூலையே பக்க எண்ணுடன் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.