மென்மையான ரேஸரும் அழுத்தாத கையும்

கேள்வி: எனக்கு வயது 27. தாடி முடி தடிப்பாகவும் சற்றுச் சுருளாகவும் இருக்கும். ஐந்து பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேஸரால் பல ஆண்டுகள் சவரம் செய்துவந்தேன். ஓரிரு நாளில் கழுத்தில் சிவந்த கொப்புளங்கள் கிளம்பிவிடும். இரண்டு பக்கமும் கூருள்ள ஒற்றைப் பிளேடு போடும் பழைய மாதிரி சேஃப்டி ரேஸர் நல்லது என்று கேள்விப்பட்டு ஒன்று வாங்கினேன். முதல் நாளே மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். கழுத்து முழுவதும் எரிந்தது. இந்த வகை ரேஸர் எனக்கு ஒத்துவராதா? ஒத்துவரும் என்றால், மென்மையான ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்கு இது ஒத்துவரும். சுருண்ட முடியும் கழுத்துக் கொப்புளமும் உள்ளவர்கள் ஒற்றைப் பிளேடுக்கு மாறுவது சரியான முடிவே. முதல் நாள் காயத்தைக் கண்டு அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கொப்புளம் ஏன் வந்தது என்பதை முதலில் பார்ப்போம். பிளேடுகளை அடுக்கிய ரேஸரில் முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கிறது; அது மீண்டும் உள்ளே போவதற்குள் அடுத்தது அறுத்துவிடுகிறது. இதனால் அறுபட்ட நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. நேரான முடி உள்ளவர்களுக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. சுருள் முடியோ திரும்ப வளரும்போது வந்த வழியே நேராக வெளியேறாமல், பக்கவாட்டில் தோலைக் குத்திக்கொண்டு வளைகிறது. முள் தைத்த இடம் போல அந்த இடம் சிவந்து வீங்குகிறது. தோல் மருத்துவர்கள் இதைச் ‘சூடோஃபோலிகுலைட்டிஸ் பார்பே’ என்பார்கள். உங்கள் கழுத்தில் வருவதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஒற்றைப் பிளேடு முடியைத் தோலின் மட்டத்தை ஒட்டி நறுக்குவதால் இந்தத் தொல்லை குறைகிறது. ஆனால் அதையும் அழுத்தி இழுத்தால், அல்லது தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முடியின் எதிர்வாக்கில் மழித்தால், பழைய கதைதான்.

இனி ரேஸரின் தேர்வு. 1880இல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் காப்புரிமை பெற்ற சேஃப்டி ரேஸரில் இருந்தது தடித்த பிளேடு. அதை அடிக்கடி தீட்டியாக வேண்டும். 1904இல் கிங் கேம்ப் கில்லெட் காப்புரிமை பெற்ற ரேஸரில்தான், தேய்ந்ததும் தூக்கி எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு வந்தது. இன்று நீங்கள் வாங்கும் பிளேடின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய தகடு தானாக விறைத்து நிற்காது. வளைந்த மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையில் அதை வைத்துத் திருகும்போது, அது மூடியின் வளைவுக்கு ஏற்ப வளைந்து அந்த வளைவினாலேயே விறைப்பு பெறுகிறது. அப்படிப் பிடிக்கப்பட்ட கூர் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதில்தான் ஒரு ரேஸரின் மென்மை பெரிதும் அடங்கியிருக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிளேடு பொருத்திய ரேஸரின் தலையை வெளிச்சத்தில் குறுக்குவாட்டில், அதாவது ஓரத்திலிருந்து பாருங்கள். மேல்மூடியின் விளிம்பையும் பிளேடுக்குக் கீழே தோலில் படியும் காப்புப் பட்டையையும் தொட்டுச் செல்லும்படி மனத்தில் ஒரு நேர்கோடு வரையுங்கள். பிளேடின் கூர் அந்தக் கோட்டுக்கு உட்பக்கமாகவோ, கோட்டைத் தொட்டபடியோ நின்றால் அந்த ரேஸர் மென்மையானது. கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது சற்றுக் கடுமையானது. கூருக்கும் காப்புப் பட்டைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எண்ணாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. இடைவெளி குறைவாக இருந்தும் கூர் வெளியே நீண்டிருக்கும் ரேஸர் கடித்துவிடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

காப்புப் பட்டை இரண்டு வகை. நேர்ப் பட்டையாக இருப்பது தோலைச் சமன்படுத்திக்கொண்டே போகும்; சீப்புப் பற்கள் போலப் பிளவுபட்டிருப்பது நீண்ட தாடிக்கும் கனத்த நுரைக்கும் வழிவிடும். சீப்புப் பல் ரேஸர்கள் எல்லாமே கடுமையானவை என்று சொல்ல முடியாது; ஆயினும் புதிதாகப் பழகுபவருக்கு நேர்ப் பட்டையையே நான் பரிந்துரைப்பேன். எட்வின் ஜாகர் டி.இ.89, மூலே ஆர்89 ஆகிய இரண்டும் பலரும் தொடக்கத்தில் வாங்கும் மென்மையான ரேஸர்கள். மெர்க்கூர் 34சி-யும் தொடக்கக்காரருக்குத் தாராளமாக ஏற்றது. பழைய பொருள்களில் கில்லெட் டெக் கிடைத்தால் அதன் மென்மைக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அதே மூலே நிறுவனத்தின் ஆர்41, பெயரிலும் தோற்றத்திலும் ஆர்89-க்கு நெருங்கிய உறவுபோல் இருந்தாலும், கடுமைக்குப் பெயர்போனது. உங்கள் கடிதத்தில் எந்த ரேஸரை வாங்கினீர்கள் என்று எழுதவில்லை; மேலே சொன்ன கோட்டுச் சோதனையை அதற்குச் செய்து பார்த்துவிட்டு, கூர் நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் வேறொன்றை வாங்குங்கள்.

பிளேடு விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். காயம்பட்டவுடன் கூர் குறைந்த பிளேடாகத் தேடுவது இயல்பு. ஆனால் மழுங்கிய பிளேடு முடியை அறுக்காமல் இழுக்கும். இழுபடுவதை ஈடுகட்டக் கை தானாக அழுத்தும். எரிச்சல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மென்மையான ரேஸரில் நல்ல கூரான பிளேடு என்பதே சரியான சேர்க்கை. ஃபெதர் போன்ற மிகக் கூரான பிளேடைக் கை பழகிய பின் வைத்துக்கொள்ளலாம். அதுவரை நடுத்தரக் கூருள்ள இரண்டு மூன்று வகைகளைச் சிறு பொதிகளாக வாங்கி, ஒவ்வொன்றையும் சில நாள் பயன்படுத்திப் பாருங்கள். உங்களைப்போல் தடித்த முடி உள்ளவர்கள் ஒரு பிளேடை மூன்று அல்லது நான்கு சவரங்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். முடி இழுபடுவதுபோல் தோன்றினால், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பிளேடை மாட்டும்போது அதன் குட்டையான இரு ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். திருகி முடித்தபின், இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மென்மையான ரேஸர்கூட அப்போது ஒரு பக்கத்தில் கடுமையாகிவிடும். முதல் நாள் காயங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். திருகைத் தளர்த்தி, தலையை மெல்ல அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும்.

குளித்த பின் சவரம் செய்யுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரால் இரண்டு மூன்று நிமிடம் தாடியை நன்றாக ஊறவிடுங்கள். நீர் உண்ட முடியை வெட்டக் குறைந்த விசையே போதும். பிரஷால் குழைத்த சோப்போ கிரீமோ எதுவானாலும் சரி. நுரை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்க வேண்டும், உலர்ந்து பஞ்சுபோல் நிற்கக் கூடாது.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். கார்ட்ரிட்ஜ் ரேஸரின் தலை தானாக அசைந்து தோலின் வளைவைப் பின்பற்றுவது. அதை அழுத்திப் பழகிய கை, உங்கள் புதிய ரேஸரையும் அப்படியே அழுத்தியிருக்கும். இதன் தலை அசையாது. கோணத்தை உங்கள் மணிக்கட்டுதான் தர வேண்டும், எடையை ரேஸரே தந்துவிடும். நான் பழகிய நாள்களில் கைப்பிடியின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் தொட, பேனாவைப் பிடிப்பதைவிடத் தளர்வாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடியில் அழுத்த நினைத்தாலும் முடியாது. இன்றும் கழுத்துக்கு வரும்போது அப்படித்தான் பிடிக்கிறேன். முதலில் மேல்மூடியைக் கன்னத்தில் படுக்கவையுங்கள். கைப்பிடி ஏறத்தாழச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கூர் தோலைத் தொடாது. பிறகு கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தாழ்த்தியபடி மெல்ல நகர்த்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையில் சுமார் 30 பாகை வரும்போது, மெல்லிய தாளைக் கீறுவதுபோல் ஒரு கரகரப்பு கேட்கும். உங்கள் கோணம் அதுதான். ஓசை நின்றுபோனால் கோணம் விலகிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இழுப்பும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ரேஸரை அலசிவிடுங்கள்.

கழுத்தில் முடி ஒரே வாக்கில் வளர்வதில்லை. இரண்டு நாள் தாடி இருக்கும்போது விரல்நுனியால் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் போகும்போது வழவழப்பாக இருக்கிறதோ அதுவே முடியின் வாக்கு. தொண்டை மேட்டின் இருபுறமும் முடி பக்கவாட்டில் படுத்திருப்பதையும், கழுத்தின் அடியில் மேல்நோக்கி வளர்வதையும் பலரிடம் காணலாம். அப்படியானால் அங்கே மேலிருந்து கீழே இழுப்பதே எதிர்வாக்கு ஆகிவிடுகிறது. பல ஆண்டுகளாகத் தெரியாமல் அதைத்தான் செய்துவந்திருப்போம். ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி இட்டுக் கண்ணாடியருகே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மோவாயில் வளைவு கூடுதலாக இருப்பதால் அங்கே இழுப்பு ஒரு சென்டிமீட்டர் போதும். கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்துக்கொண்டால் அந்த இடம் சமனாகும்.

முடியின் வாக்கில் ஒரு சுற்று முடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். மிகவும் வேண்டுமென்றால் மறுபடி நுரை தடவிக் கன்னங்களில் மட்டும் குறுக்குவாக்கில் ஒரு சுற்று. நுரையில்லாத இடத்தில் ரேஸர் படவே கூடாது. மாலையில் தடவினால் லேசாகச் சொரசொரக்கும்; சுருள் முடி உள்ளவருக்கு அந்தச் சொரசொரப்பு நல்லது, நுனி தோலுக்கு வெளியே இருக்கிறது என்பதன் அடையாளம் அது.

முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். சிறு வெட்டு இருந்தால் நனைத்த படிகாரத்தை அங்கே ஒற்றினால் இரத்தம் நின்றுவிடும். எரியும் தோலுக்கு ஆல்கஹால் கலந்த திரவம் வேண்டாம். மணமில்லாத ஈரப்பத கிரீம் போதும். ரேஸரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். இரத்தத்தின் வழியே ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்றுகள் பரவும். தேய்ந்த பிளேடுகளை, குப்பையில் கை வைப்பவரைக் கிழிக்காதபடி, மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்துவையுங்கள்.

கடைசியாக, இப்போது கழுத்தில் இருக்கும் கொப்புளங்கள் வற்றும்வரை அங்கே ரேஸரை வைக்காதீர்கள். சீழ் கட்டியிருந்தாலோ, சில வாரம் விட்டும் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கன்னங்களை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் மழித்து அந்தக் கரகரப்பைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கழுத்து ஆறியபின் உங்கள் அம்புக்குறித் தாளைப் பார்த்தபடி அங்கே இறங்கலாம்.