அஞ்செட்டி மலைப்பகுதியில் ஒரு ஏக்கர்காரர் காய்கறி விதை உற்பத்தி செய்ய முடியுமா? என்ன உதவி வேண்டும்?

முடியும். ஆனால் பணத்துக்கும் முன்னால் வேண்டியது இடைவெளி. சான்று விதைக்கு, அதாவது விதைச்சான்று அலுவலகம் சோதித்துச் சான்று தரும் விதைக்கு, கத்தரி என்றால் சுற்றிலும் 100 மீட்டர், வெண்டை என்றால் 200 மீட்டர் வரை அதே பயிரில் வேறு ரகம் இருக்கக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரரிடம் 'கத்தரி வைக்காதீர்கள்' என்று சொல்ல முடியுமா? மகரந்தத்தைச் சுமந்து வந்து ரகத்தைக் கலக்கும் தேனீக்கு வரப்பு தெரியாது. ஆகவே பத்துப் பேர் சேர்ந்து ஒரே ரகத்தை நடுவதுதான் வழி. இரண்டு கரடுகளுக்கு நடுவே ஒதுங்கிய நிலம் வாய்த்தால் பாதி வேலையை மலையே செய்துவிடும்.

தொடக்கத்துக்குத் தக்காளி நல்லது. தன்மகரந்தச் சேர்க்கை, அதாவது பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பது என்பதால் 25 மீட்டர் இடைவெளி போதும். நன்கு பழுத்ததைப் பிசைந்து, தண்ணீர் சேர்க்காமல் ஓரிரு நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கழன்றுவிடும். பிறகு அலசும்போது நல்ல விதை அடியில் தங்கும். உலர்த்துவதில்தான் சிக்கல்: ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் வர வேண்டும், மூடுபனிக் காலத்தில் அது எளிதல்ல. மானியத்தில் தெளிப்பான் கொடுப்பதைவிட, ஊருக்கு ஒரு உலர்த்தும் கூடம் கட்டிக் கொடுப்பது மேல் என்பேன்.

வயலை விதைச்சான்று அலுவலகத்தில் பதிய மறக்காதீர்கள். விதை நிறுவனத்துக்காக உற்பத்தி செய்வதானால், விலையும், முளைப்பு தவறினால் நட்டம் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.