1,800 ரூபாய் ஸ்டைலஸ்: பேனாவை விடுங்கள், முதலில் டேப்பைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். அதில் இரண்டு பேட்ச் ஆன்லைனில். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் வைத்திருக்கிறேன். விரலால் எழுதுவதால் தொகையிடல் குறி பாம்பு மாதிரி நெளிகிறது, மேல் எல்லை கீழ் எல்லை போட இடமே இருப்பதில்லை. மொபைல் கடையில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்டைலஸ் காட்டினார்கள். எந்த டேப்பிலும் எந்த போனிலும் எழுதும், கை பட்டாலும் கோடு விழாது என்கிறார்கள். வாங்கலாமா? பழைய லேப்டாப் ஒன்றும் இருக்கிறது. என் மாமியார் போனில் விரலை வைத்தால் பாதி நேரம் எடுப்பதே இல்லை. அவருக்கும் இந்தப் பேனா உதவுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்:

வாங்காதீர்கள் டீச்சர். கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி உங்கள் டேப்பில் நடக்காது. அந்தப் பேனா எழுதும். ஆனால் கையைத் திரையில் ஊன்றிய நிமிடமே பக்கமெல்லாம் கோடு விழும். கையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துப் பாருங்கள், மறுநாள் தோள்பட்டைக்குத் தைலம் தேட வேண்டியிருக்கும்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் டேப்பின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்வலை இருக்கிறது. விரல் பட்டால் அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும், அதை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மெல்லிய முனை பட்டால் அதற்குத் தெரியாது. அதனால்தான் மலிவான ஸ்டைலஸின் ரப்பர் முனை பட்டாணி மாதிரி தடியாக இருக்கிறது. உங்களுக்குக் காட்டியது அதற்கு அடுத்த ரகம். உள்ளே பேட்டரி வைத்து, மெல்லிய முனையையும் விரல் என்று திரையை நம்பவைக்கும் வேலை அது. மெல்லியதாக எழுதும், சரி. ஆனால் டேப்புக்குப் பேனாவும் விரல்தான், உங்கள் உள்ளங்கையும் விரல்தான். எதை ஒதுக்குவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சாம்சங்கின் எஸ் பென் வேறு ஜாதி. வாக்கம் என்ற ஜப்பான் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. டிஸ்பிளேவுக்குக் கீழே தனியாக ஒரு தகடு இருக்கும். அது காந்த அலை ஒன்றை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதற்குப் பதில் கொடுக்கும். சுருதி சேர்த்த ஒரு தந்தியை மீட்டினால் பக்கத்துத் தந்தியும் அதிருமே, அந்த மாதிரி. எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம். பேனா திரைக்கு அருகே வந்ததுமே டேப்புக்குத் தெரிந்துவிடும், கையைக் கண்டுகொள்ளாது. இந்தத் தகடு டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ போன்ற எஸ் வரிசையில் இருக்கிறது, பேனாவும் பெட்டியிலேயே வரும். உங்கள் ஏ9 பிளஸில் தகடு இல்லை. இல்லாத தகட்டை 1,800 ரூபாய்ப் பேனாவாலும் கொண்டுவர முடியாது, 18,000 ரூபாய்ப் பேனாவாலும் முடியாது.

‘ஸ்டைலஸ் சப்போர்ட்’ என்ற இரண்டு வார்த்தையை நம்பி ஏமாந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என் சர்வீஸ் மேசைக்கு வருகிறார்கள். தொடுதிரை எதுவானாலும் ரப்பர் முனைப் பேனாவை ஏற்கும், அந்தக் கணக்கில் உலகத்தில் உள்ள எல்லா டேப்பும் ‘ஸ்டைலஸ் சப்போர்ட்’தான். ஆன்லைனில் இன்னும் மோசம். தலைப்பில் ‘ஆண்ட்ராய்டு, ஐபேட், எல்லாவற்றுக்கும், பாம் ரிஜெக்‌ஷன் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஊன்றிய கையைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குத்தான் அந்தப் பெயர். ஒன்பதாவது படத்தின் மூலையில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில், பாம் ரிஜெக்‌ஷன் 2018க்குப் பிந்தைய ஐபேடுகளுக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள். திருப்பிக் கொடுக்கப் போனால் மாற்றுப் பேனா தருவோம், பணம் வராது என்பார்கள். அதே பேனா இன்னொன்று வந்து என்ன பிரயோஜனம்? யூடியூபில் ‘பெஸ்ட் ஸ்டைலஸ்’ என்று காட்டுகிறவர்களில் பலர், கீழே கொடுக்கும் லிங்க்கில் நீங்கள் வாங்கினால் கமிஷன் பெறுகிறவர்கள். அந்தப் பேனாவை வைத்து அவர்கள் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்காட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பூ வரைவார்கள், ஒரு கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு விரல் கையுறை ஒன்றையும் இதோடு சேர்த்து விற்பார்கள். அது கை வழுக்கிச் செல்வதற்காகச் செய்தது. மெல்லிய துணியைத் தாண்டியும் இந்தத் திரை உள்ளங்கையை உணரும். அதற்கும் காசு போடாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான தேவைக்கு வருகிறேன். பழைய லேப்டாப் இருக்கிறது என்று கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினைக்கு விடை அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் செருகும் பென் டேப்லெட் வாங்குங்கள். திரை எதுவும் இருக்காது, கறுப்புப் பலகை ஒன்றும் ஒரு பேனாவும் மட்டும். வாக்கம், ஹூயான், எக்ஸ்பி பென் ஆகியவற்றின் தொடக்க ரகங்கள் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும். எஸ் பென் வேலை செய்யும் அதே முறைதான். பேட்டரி இல்லாத பேனா, கையை எங்கே வேண்டுமானாலும் ஊன்றலாம். எழுதும் பரப்பு குறைந்தது 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் இருக்கட்டும், அதைவிடச் சின்னதில் கணக்கு போட முடியாது. மவுஸ் வேலை செய்கிற லேப்டாப்பில் பெரும்பாலும் இதுவும் வேலை செய்யும், பழசு என்று யோசிக்க வேண்டாம். ஓப்பன்போர்டு என்று இலவச மென்பொருள் இருக்கிறது, கரும்பலகை மாதிரியே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போகலாம். வினாத்தாள் பிடிஎஃப் மேலேயே எழுத வேண்டும் என்றால் ஸோர்னல் பிளஸ் பிளஸ், அதுவும் இலவசம்.

முதல் நான்கைந்து நாள் எரிச்சலாக இருக்கும். கை மேசையில் எழுதும், கண் திரையைப் பார்க்க வேண்டும். சைக்கிள் பழகிய மாதிரி ஒருநாள் சட்டென்று வந்துவிடும். அதற்குள் ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று பரணில் போட்டுவிடாதீர்கள். வகுப்பு ஆரம்பிக்கும் முன் தினமும் பெருக்கல் வாய்ப்பாடு எழுதிப் பழகுங்கள்.

வாங்கும்போது ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ‘ரைட்டிங் பேட்’ என்று தேடினால் 300 ரூபாய்க்குப் பிள்ளைகள் கிறுக்கி அழிக்கும் எல்சிடி சிலேட்டு வந்து முன்னால் நிற்கும். கறுப்புப் பலகை, பச்சைக் கோடு, ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் அழியும். அது கம்ப்யூட்டரோடு சேரவே சேராது. படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆன்லைன் வகுப்புக்கு என்று அதை ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாக விற்றுவிட்டுப் போன ஏஜென்டைப் பற்றி எனக்குத் தெரியும், எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. யுஎஸ்பி ஒயர் இருக்கிறதா, விண்டோஸில் வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறதா, இரண்டையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

லேப்டாப் வேண்டாம், டேப்பிலேயே எழுத வேண்டும் என்று நினைத்தால் ஏ9 பிளஸைக் கொடுத்துவிட்டு எஸ் வரிசைக்குப் போங்கள். புதிதாக வாங்கினால் கவலை இல்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு கண்ணி இருக்கிறது. கீழே விழுந்து டிஸ்பிளே உடைந்த டேப்புக்குச் சில இடங்களில் மலிவான டிஸ்பிளே போடுவார்கள். கழற்றி மாட்டும்போது பின்னால் இருக்கும் அந்தப் பேனாத் தகடு கிழிந்துபோகும், அல்லது மாட்டாமலே விட்டுவிடுவார்கள். விரல் பட்டால் வேலை செய்யும், படம் ஓடும், விற்றுவிடுவார்கள். போன வருடம் ஒரு கல்லூரி மாணவி இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பேனாதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவதாக ஒரு பேனாவும் வாங்கிவிட்டிருந்தார் பாவம்.

கடையில் நின்றே சோதித்துவிடலாம். பேனாவைத் திரையில் படாமல், அரை சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். திரையில் ஒரு புள்ளி பேனாவோடு நகர வேண்டும். பிறகு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஒரு கோடு, ஆமை வேகத்தில். வேகமாக இழுத்தால் எந்தக் குறையும் தெரியாது. கோடு நடுவில் விட்டுப்போனாலோ அலை அலையாக வந்தாலோ அந்த டேப் வேண்டாம். ஆனால் அதற்கு முன் உறையைக் கழற்றிப் பாருங்கள். காந்தம் வைத்த ஃபிளிப் கவர் இருந்தால் அந்த இடத்தில் நல்ல தகடும் கோடு விடும்.

ஐபேட் விஷயம் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால், ‘என் தங்கை 1,500 ரூபாய்ப் பேனாவில் அருமையாக எழுதுகிறாளே’ என்று அடுத்த கடிதம் வரும். எழுதுவார், அவரிடம் இருப்பது ஐபேடாக இருக்கும். 2018இல் ஆறாம் தலைமுறை ஐபேட் வந்ததிலிருந்து சாதாரண ஐபேடும் ஆப்பிள் பென்சிலை ஏற்கிறது. மற்ற கம்பெனிப் பேனாக்கள் அந்தப் பென்சிலின் பாஷையைப் பேசுகின்றன, அதனால் கையை ஊன்றி எழுதலாம். அழுத்தினால் கோடு தடிக்காது, அது படம் வரைகிறவர் கவலை, கணக்குக்கு வேண்டாம். ஆப்பிளே 2023இல் விட்ட யுஎஸ்பி சி பென்சிலிலும் அழுத்த உணர்வு கிடையாது. ஆகவே ஐபேடுக்கு மட்டும், கணக்கு எழுத மட்டும், மலிவுப் பேனா போதும்.

அசல் ஆப்பிள் பென்சில்தான் வேண்டும் என்றால் அங்கே வேறு தலைவலி. 2015இன் முதல் பென்சில், 2018இன் இரண்டாவது, 2023இன் யுஎஸ்பி சி, 2024இன் ப்ரோ என்று நான்கு இருக்கின்றன, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் இருப்பது யுஎஸ்பி சி துளை, ஆனால் அது அன்றைக்கு ஏற்றது ஆப்பிளின் பழைய லைட்னிங் முனை கொண்ட முதல் பென்சிலை. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் தேவைப்பட்டது. 2024இல் வந்த எம்2 ஐபேட் ஏரோடு இரண்டாம் தலைமுறைப் பென்சில் சேராது, அதற்கு முந்தைய ஏரோடு ப்ரோ பென்சில் சேராது. பழைய பென்சிலைத் தள்ளிவிட நினைக்கிறவருக்கு இதைவிடத் தோதான குழப்பம் கிடைக்குமா? ‘ஐபேட் ஏருக்கு வருமா?’ என்று கேட்டால் ‘வரும்’ என்பார், பொய்யும் இல்லை. எந்த வருடத்து ஏர் என்று நீங்கள் சொல்லவில்லையே!

சார்ஜ் போடும் துளைக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. 2024 டிசம்பர் முதல் போனும் டேப்பும் யுஎஸ்பி சி துளையோடுதான் அங்கே விற்கப்பட வேண்டும். பேனாவுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பேனா என்று 2015இலேயே யுஎஸ்ஐ என்ற பொது முறை தொடங்கினார்கள். குரோம்புக் என்ற கூகுள் வகை லேப்டாப்புகள் சிலவற்றில் ஓடுகிறது, கூகுளின் பிக்சல் டேப்லெட் ஏற்கிறது. ஆப்பிள் தன் வழி, சாம்சங் தன் வழி. நம் ஊரிலோ பெட்டியில் எந்தப் பேனா சேரும் என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லக்கூட ஆள் இல்லை. ஏமாந்தால் 1915க்குப் போன் செய்யலாம், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் 1,800 ரூபாய்க்காக யார் வகுப்பை விட்டுவிட்டு ஆணையத்தின் வாசலில் போய் நிற்பார்கள்? விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

போனுக்கு ஸ்டைலஸ் வேண்டாம். உள்ளேயே பேனா செருகிய சாம்சங் அல்ட்ரா போன்றவை மட்டும் விதிவிலக்கு. ஐபோன் எதிலும் ஆப்பிள் பென்சில் எழுதாது. எழுதினாலும் அந்த அகலத்தில் இரண்டு வரிக்கு மேல் எந்தக் கணக்கைப் போடுவீர்கள்?

உங்கள் மாமியார் விஷயம் வேறு. வயதானால் விரல் நுனி வறண்டுபோகும், வறண்ட தோலைத் திரை சரியாக உணராது. முதலில் போனில் ஒட்டியிருக்கும் டெம்பர்ட் கிளாஸைப் பாருங்கள். தடியாக இருந்தாலோ ஓரத்தில் காற்று புகுந்திருந்தாலோ மாற்றுங்கள். சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸில் டிஸ்பிளேவுக்குள் ‘டச் சென்சிட்டிவிட்டி’ என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் அவருக்குத்தான் ஸ்டைலஸ் வேண்டும். 1,800 ரூபாய்ப் பேனா அல்ல, 100 ரூபாய்க்குக் கிடைக்கும் தடி ரப்பர் முனை போதும், சார்ஜ் போடும் வேலையும் இல்லை. தண்டு உலோகமாக இருக்கட்டும். நம் உடம்பு வழியாகத்தான் அது வேலை செய்கிறது, பிளாஸ்டிக் தண்டில் சில எடுக்காது. ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்து விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுங்கள், எழுத்தைத் தேடித் தேடித் தட்டாமல் சிலேட்டில் எழுதுகிற மாதிரி எழுதி வாட்ஸ்அப் அனுப்பலாம். பேனாவை ஒரு நூலில் கட்டி போன் உறையோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூக்குக் கண்ணாடியோடு இதையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.